மட்டக்களப்பு மணலில் பேசில்: விதை போடுவது முதல் விதை எடுப்பது வரை

நோன்பு காலத்தில் காத்தான்குடி, ஏறாவூர், கல்முனைப் பக்கம் சர்பத்திலும் பலூடாவிலும் மிதக்கிற கறுப்புக் கசகசாவைத் தெரியாதவர் இங்கே இல்லை. அது பேசில் செடியின் விதை என்பது மட்டும் பலருக்குத் தெரியாது. சித்த வைத்தியத்தில் திருநீற்றுப்பச்சை என்று சொல்லும் செடியும் இதே இனந்தான். பீட்சாவிலும் பாஸ்தாவிலும் போடுகிற அகலமான மினுமினுத்த இலை, அதே இனத்தின் இன்னொரு வகை. கோயில் துளசி நெருங்கிய உறவு, ஆனால் வேறு இனம்.

“இந்த வெயிலுக்கு அதெல்லாம் நிற்காது” என்று சொல்லிப் பலர் முயற்சி செய்வதே இல்லை. பேசில் வெயிலை விரும்பும் செடி. குளிர்தான் அதற்கு ஆகாது. 10 பாகைக்குக் கீழே போனால் இலை கறுத்துவிடும். எங்கள் கரையில் பேசிலைச் சாகடிப்பவை வேறு இரண்டு: பிழையான மாதத்தில் விதைப்பது, உவர்த் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றுவது. இந்த இரண்டையும் சரிசெய்தால் மிச்சமெல்லாம் கைப்பழக்கத்தில் வரும்.

எந்த விதை

மலிவான வழி, பலசரக்குக் கடைக் கசகசா. 50 கிராம் பைக்கற்றில் ஆயிரக்கணக்கான விதை இருக்கும். முளைத்து வரும் செடிக்கு இலை சிறியது, மணம் காரமானது, கராம்பையும் சோம்பையும் நினைவூட்டும். தேநீருக்கும், இறைச்சிக் கறிக்கும், வறுத்த நூடில்ஸுக்கும் அருமை. ஆனால் இத்தாலிய உணவுக்கான இனிப்பு மணம் அதில் வராது. அதுதான் வேண்டுமென்றால் ‘சுவீட் பேசில்’ அல்லது ‘ஜெனோவீஸ்’ என்று அச்சிட்ட விதைப் பைக்கற்றை விவசாயப் பொருள் கடையில் கேட்டு வாங்க வேண்டும். பைக்கற்றின் பின்பக்கத் திகதியைப் பாருங்கள். விதை நல்ல குளிர்ச்சியில் சில வருடம் தாங்கும். எங்கள் ஈரக்காற்றில் திறந்த பைக்கற் அவ்வளவு தாங்காது.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் யோசனை: முதல் தடவை கசகசாவையே போடுங்கள். நட்டம் என்று எதுவும் இல்லை, செடியும் முரட்டுத்தனமாக வளரும். அதில் கை பழகிய பிறகு விலை கொடுத்து வாங்கிய விதையைத் தொடலாம்.

கடைக் கசகசா உணவுக்காக விற்கப்படுவது. அது முளைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. ஆகவே முதலில் ஒரு சோதனை. டிஷூ ஒன்றை நனைத்துப் பிழிந்து தட்டில் விரித்து, 20 விதையை இடைவெளி விட்டுத் தூவி, மேலே இன்னொரு நனைத்த டிஷூவை மூடி, தட்டைப் பொலித்தீன் பைக்குள் வைத்துக் குசினி மூலையில் விடுங்கள். நாலாம் ஐந்தாம் நாளில் வெள்ளை வேர் நீட்டும். 20இல் 12க்கு மேல் முளைத்தால் நல்ல விதை. ஐந்தாறுதான் முளைத்ததென்றால் அடர்த்தியாகத் தூவ வேண்டும். ஒன்றுமே இல்லையென்றால் வேறு கடையில் வாங்குங்கள். மிச்சத்தைச் சர்பத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

எப்போது விதைப்பது

இதுதான் முழு வேலையிலும் பெரிய தீர்மானம். மட்டக்களப்பு, அம்பாறை என்ற எங்கள் இரண்டு மாவட்டங்களுக்கும் ஆண்டு மழையின் பெரும்பங்கு வடகீழ்ப் பருவத்தில், ஐப்பசி முதல் தை வரை கொட்டுகிறது. அந்த நாட்களில் வெயில் குறைவு, காற்றில் ஈரம் அதிகம், மண் காய்வதே இல்லை. பேசில் நாற்று அழுகுவதற்கு வேண்டிய அத்தனையும் அப்போது கூடி நிற்கும். தென்னிலங்கையையோ தமிழ்நாட்டையோ வைத்துச் சொல்லும் நாட்காட்டியைப் பார்த்து இங்கே விதைக்கக்கூடாது.

தைப்பொங்கல் கழிந்து, மழை விட்டு விட்டுப் பெய்யத் தொடங்கும் தை கடைசி, மாசி முதல் வாரங்கள்தான் முதல் விதைப்புக்கு ஏற்ற காலம். பகல் வெயில் இதமாக இருக்கும், கிணற்றில் நல்ல தண்ணீர் நிறைந்திருக்கும். இந்த விதைப்பு பங்குனி, சித்திரையில் இலை தரும். இரண்டாவது விதைப்பைச் சித்திரைப் புதுவருடம் முடிந்ததும் போட்டால், முதல் செடி களைக்கிற நேரம் இது கைகொடுக்கும். அறுகம்பையில் அலைச்சறுக்கும் கூட்டம் நிறைகிற காலமும் இதுதான். பொத்துவில் பக்கம் கைச்செலவுக்கு இலை விற்க நினைப்பவர்கள் சித்திரை விதைப்பை இரட்டிப்பாக்குங்கள்.

வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கமிருந்து அனலாக வரும் அந்தக் காற்றில் இளநாற்று ஒரு மத்தியானத்திலேயே சுருண்டுவிடும். அந்த மாதங்களில் புதிதாக விதைக்கத்தான் வேண்டுமென்றால் வீட்டின் கிழக்குப் பக்கச் சுவரோரம் வைத்து, காற்று வரும் பக்கம் கிடுகு ஒன்றைச் சாத்தி மறைப்புக் கட்டுங்கள்.

சட்டியும் மண்ணும்

நாற்றுக்கு யோகட் கப், வெட்டிய தண்ணீர்ப் போத்தல், எதுவும் போதும். அடியில் மூன்று நாலு துளை இருந்தால் சரி. வளர்ந்த செடிக்கு 20 சென்றிமீற்றர் ஆழமாவது வேண்டும். என் விருப்பம், தயிர் வாங்கிய மண்சட்டிகளில் பெரியது. எங்கள் ஊரில் எருமைத் தயிர் வாங்காத வீடு குறைவு, காலிச் சட்டி வேலியோரம் அடுக்கிக் கிடக்கும். ஓர் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, கவிழ்த்து வைத்து, ஆணி முனையால் மெல்லச் சுற்றிச் சுற்றிச் சுரண்டினால் உடையாமல் துளை விழும். சுத்தியலால் ஓங்கி அடித்தால் சட்டி பிளந்துவிடும். மண்சட்டியின் சுவர் மூச்சு விடும்; வேர் சூடேறாது. ஆழம் போதாத சின்னச் சட்டிகளை நாற்றுக்கு வையுங்கள்.

வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று கடலோரம் முழுக்க மணல். தண்ணீர் ஊற்றிய வேகத்தில் இறங்கிவிடும், சத்தும் கூடவே போய்விடும். படுவான்கரையிலும் சம்மாந்துறை வயற்பக்கமும் களி. அங்கே தண்ணீர் தேங்கி வேர் அழுகும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: மக்கிய எருவும் தும்புத்தூளும்.

விதைக்கும் கலவை: தும்புத்தூள் இரண்டு பங்கு, அரிதட்டில் அரித்த கொம்போஸ்ட் ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு. கடற்கரை மணல் வேண்டாம். தும்புத்தூளில் உப்பு இருக்கக்கூடும். வாளியில் ஊறவைத்துப் பிழிந்து, இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீர் மாற்றிய பிறகு பாவியுங்கள். கலவையைக் கப்பில் போடுமுன் கொதிநீர் ஊற்றி ஆறவிட்டால் நாற்றழுகல் பூஞ்சணம் குறையும். பெரிய சட்டிக்கு: வளவு மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய மாட்டெரு அல்லது கொம்போஸ்ட் ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு. களிமண் வளவென்றால் இதோடு ஒரு பங்கு கருக்கிய உமியும் சேருங்கள். பச்சை எருவைப் போடாதீர்கள், அதன் சூடு வேரைக் கருக்கும்.

விதைக்கும் விதம்

பேசில் விதையை ஒரு துளி தண்ணீரில் போட்டுக் கண் அருகில் வைத்துப் பாருங்கள். சில நொடியில் கறுப்பு விதையைச் சுற்றி நீலச்சாம்பல் நிறத்தில் மெல்லிய வளையம் எழும்பும். சில நிமிடத்தில் அது தடித்து, விதை தவளை முட்டையைப் போல வழுவழுப்பான உறைக்குள் உட்கார்ந்திருக்கும். சர்பத்தில் நாம் விரும்பிக் குடிக்கிற அந்த வழுவழுப்பு, விதை தனக்கென்று சேமித்துக்கொள்ளும் தண்ணீர். சுற்றியுள்ள மண் கொஞ்சம் காய்ந்தாலும் முளைக்கும் ஈரம் அதனிடம் இருக்கிறது.

ஆகவே இந்த விதையை வெண்டி, பாகல் விதை மாதிரி ஊறவைத்து நடக்கூடாது. ஊறினால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, விரலில் வழுக்கி, ஒரே இடத்தில் ஐம்பதாக விழும். காய்ந்த விதையைத்தான் தூவ வேண்டும்.

முதலில் கப்பிலுள்ள கலவையை முழுதாக நனைத்து, மிச்சத் தண்ணீர் வடியும்வரை அரை மணித்தியாலம் விடுங்கள். மேற்பரப்பை விரலால் தட்டிச் சமப்படுத்துங்கள். ஒரு கிராமில் 600 விதைக்கு மேல் இருக்கும்; அப்படியே கிள்ளித் தூவினால் அளவு தப்பும். ஒரு சிட்டிகை விதையை நாலு மடங்கு காய்ந்த மணலோடு கலந்து தூவுங்கள். அல்லது ஈர்க்குத் துண்டின் நுனியை ஈரமாக்கி விதையில் தொட்டால் ஒன்றிரண்டு ஒட்டிவரும். அதைக் கலவையில் தொட்டு வைக்கலாம். யோகட் கப் ஒன்றுக்கு ஐந்தாறு விதை போதும்.

மேலே போடும் மண், விதை மறையுமளவு மட்டும், ஒரு தேங்காய்ப்பூ தடிப்பு. அரை சென்றிமீற்றருக்கு மேல் புதைந்தால் முளைக்கு மேலே வரும் வலு இல்லை. தூவிய பிறகு வாளியாலோ பைப்பாலோ ஊற்றினால் விதையெல்லாம் ஓரத்தில் ஒதுங்கும். தெளிக்கும் போத்தல் இருந்தால் அது. இல்லையென்றால் கப்பை ஒரு தட்டத்துத் தண்ணீரில் நிறுத்தி அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். மேல்மண் நிறம் மாறியதும் எடுத்துவிடுங்கள்.

எறும்பு விதையைச் சுமந்துபோகும், இதைப் பலர் கவனிப்பதில்லை. கப்புகளை ஒரு தட்டத்தில் வைத்து, அந்தத் தட்டத்தின் கீழே தண்ணீர்த் தட்டு ஒன்றை வைத்துவிடுங்கள்.

எங்கள் வெப்பத்தில் நாலு முதல் ஏழு நாளில் முளைக்கும். “கசகசா முளைக்குமா கா?” என்று கேட்டுச் சிரித்த அயல்வீட்டு மாமி, அரைவட்ட இலைகள் சோடி சோடியாக நிற்பதைப் பார்த்ததும் தனக்கும் இரண்டு கப் வாங்கிக்கொண்டு போனா. முதலில் வரும் அந்த அரைவட்டச் சோடி விதையிலை. அதற்குப் பிறகு வருவதுதான் மணமுள்ள உண்மையான இலை.

முதல் மூன்று வாரம்

முளை தெரிந்த அன்றே வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். நிழலில் விட்டால் தண்டு நூலாக நீண்டு சாயும், அப்படி நீண்டது பிறகு திரும்பாது. காலை வெயில் மூன்று நாலு மணித்தியாலம் படும் திண்ணை போதும். பத்து நாளுக்குப் பிறகு மெல்ல மெல்ல வெயில் நேரத்தைக் கூட்டலாம்.

நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று மண்மட்டத்தில் கருகி விழுந்து கிடந்தால் அது நாற்றழுகல். ஈரம் கூடியதும் நெருக்கமும்தான் காரணம். விழுந்ததைச் சுற்று மண்ணோடு எடுத்து எறியுங்கள், இரண்டு நாள் தண்ணீரை நிறுத்துங்கள், காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். தண்ணீர் விடுவது காலையில் மட்டும். பின்னேரம் விட்டால் இரவெல்லாம் ஈரம் நிற்கும்.

உண்மையான இலை ஒரு சோடி வந்ததும் கப்புக்கு இரண்டு வலுவானதை மட்டும் விட்டு மற்றதைக் கத்தரிக்கோலால் மண்மட்டத்தில் வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேர் ஆடும். வெட்டிய குட்டி நாற்றை எறியவேண்டாம், முட்டைப் பொரியலில் போடலாம்.

இடம் மாற்றுதல்

உண்மையான இலை மூன்று சோடி வந்தால் இடம் மாற்றலாம். விதைத்து நாலு வாரம் அளவில். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு செய்யுங்கள், இரவின் குளிர்ச்சியில் வேர் பிடிக்கட்டும். கப்பை அமுக்கி மண்கட்டியோடு வழுக்கி எடுங்கள். பிடிக்க வேண்டியிருந்தால் இலையைப் பிடியுங்கள். தண்டு நசுங்கினால் செடி போச்சு. முன்பு இருந்த ஆழத்திலேயே நட்டு, சுற்றி அமுக்கித் தண்ணீர் விடுங்கள். சட்டிக்கு ஒன்று அல்லது இரண்டு செடி. நிலத்தில் என்றால் 25 முதல் 30 சென்றிமீற்றர் இடைவெளி. மூன்று நாள் கிடுகு நிழல் கொடுத்துப் பிறகு வெயிலில் விடுங்கள். நாளுக்கு ஆறு மணித்தியால வெயில் கிடைக்கும் இடம் நல்லது. ஆனி, ஆடியில் மட்டும் ஒரு மணிக்குப் பிறகு நிழல் விழும் இடம் பார்த்து வையுங்கள்.

தண்ணீரும் உவரும்

விரலை ஒரு கணு அளவு மண்ணுக்குள் விடுங்கள். ஈரமாயிருந்தால் வேண்டாம், காய்ந்திருந்தால் அடித்துளையால் வடியும்வரை ஊற்றுங்கள். கோடையில் மண்சட்டிக்குத் தினமும் தேவைப்படும்; கச்சான் வீசும் நாட்களில் காலையிலும் பின்னேரமும். மத்தியானம் இலை தொங்குவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். வெயில் தாழ்ந்ததும் நிமிர்ந்தால் தண்ணீர் போதுமென்று பொருள். காலையிலும் தொங்கினால்தான் பிரச்சினை.

வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற வளவுகளில் கோடை முற்றும்போது கிணறு உவர்க்கும். அந்தத் தண்ணீரைச் சட்டிக்கு ஊற்ற ஊற்ற, தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் மண்ணில் தங்கும். சட்டி விளிம்பிலும் வெளிச்சுவரிலும் வெள்ளையாகப் பூக்கும். இலை ஓரம் பழுப்பாகக் காய்ந்து உள்நோக்கி வரும். பலர் இதைச் சத்துக்குறைவு என்று நினைத்து இன்னும் உரம் போடுகிறார்கள். உரமும் உப்புத்தான், செடி இன்னும் கெடும். கிணற்றுத் தண்ணீர் நாக்கில் உவர்த்தால் குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து ஓர் இரவு வைத்து ஊற்றுங்கள். அதற்கும் வசதியில்லை என்றால், இரண்டு கிழமைக்கு ஒருமுறையாவது சட்டியின் அளவுக்கு இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடியால் வடியவிடுங்கள். சேர்ந்த உப்பு கரைந்து போகும். அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றலாம். மீன் கழுவிய தண்ணீர், பச்சையாக இலை உண்ணும் செடிக்கு வேண்டாம்.

மண்ணுக்கு மேலே வைக்கோல் அல்லது காய்ந்த சருகை இரண்டு விரல் தடிப்பில் மூடிவிட்டால் தண்ணீர்ச் செலவு நன்றாகக் குறையும். தண்டை ஒட்டி மூடாதீர்கள்.

நுனி கிள்ளுதல்

பேசிலில் இலை நிறைவதும் நிறையாததும் இந்த ஒரு வேலையில் இருக்கிறது. கிள்ளாமல் விட்டால் செடி ஒற்றைத் தண்டாக நெட்டையாய் ஏறி, பூத்து, முடிந்துவிடும்.

செடி ஒரு சாண் உயரம் வந்து, இலை ஐந்தாறு சோடி ஆனதும் நடுத்தண்டை உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு இலைச் சோடியின் கக்கத்திலும் இரண்டு பக்கமும் ஊசி முனை அளவில் குட்டி இலைகள் மடங்கியிருக்கும். கீழிருந்து மூன்றாவது சோடிக்குச் சற்று மேலே நடுத்தண்டை வெட்டுங்கள். மேலே போய்க்கொண்டிருந்த வலு அந்தக் குட்டி முளைகளுக்குத் திரும்பும். ஒரு தண்டு இரண்டாகும். அந்த இரண்டும் ஒரு சாண் வளர்ந்ததும் அதேபோல வெட்டினால் நாலு, பிறகு எட்டு. இரண்டு மாதத்தில் செடி புதராகிவிடும்.

அதனால் இலை பறிப்பதும் கிள்ளுவதும் ஒரே வேலை. தேவைக்கு இலை எடுக்கும்போது எப்போதும் நுனியிலிருந்து, ஒரு கணுவுக்கு மேலே வெட்டி எடுங்கள். கீழே உள்ள பெரிய இலைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குவதுதான் வழமையான பிழை. செடிக்குச் சாப்பாடு செய்து கொடுப்பவை அவைதான். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். பூமொட்டுக் கதிர் தெரிந்ததும் அதையும் ஒரு சோடி இலையோடு சேர்த்து வெட்டிவிடுங்கள். பூத்த பிறகு இலை சிறுத்துக் கசக்கும்.

உரம் அதிகம் வேண்டாம். மாதம் ஒரு கைப்பிடி கொம்போஸ்ட் போட்டுக் கிளறிவிட்டால் போதும். யூரியா போட்டால் இலை பெருக்கும், மணம் போய்விடும்.

பூச்சியும் நோயும்

நுனியில் அழுக்கணவன், இலையடியில் வெள்ளை ஈ. முதலில் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவுங்கள், பாதி வேலை முடியும். குறையாவிட்டால் ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சில துளி பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் கலந்து, பின்னேரத்தில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். தெளித்து நாலைந்து நாள் கழித்து, நன்றாகக் கழுவித்தான் சமையலுக்கு எடுக்க வேண்டும். தின்னும் இலைக்குக் கடை நஞ்சு அடிக்கவே வேண்டாம். இலையில் வெட்டுக்கிளி கடித்த ஓட்டை நாலு இருப்பதால் ஒரு குறையும் இல்லை.

மழை தொடங்கியதும் நத்தை வரும். பெரிய ஆபிரிக்க நத்தை ஒன்று ஓர் இரவில் நாற்று வரிசையையே முடித்துவிடும். ரோச் வெளிச்சத்தில் தேடிப் பொறுக்குவதுதான் வழி. வெறுங்கையால் தொடவேண்டாம்; பொலித்தீன் பை சுற்றிப் பிடித்து உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள்.

இலையின் மேலே நரம்புக்கு நடுவில் மஞ்சளாகி, அடியில் சாம்பல் தூள் படர்ந்தால் அது அடிச்சாம்பல் நோய். மருந்து தேடி நேரத்தை வீணாக்காமல் செடியைப் பிடுங்கி எரித்துவிடுங்கள், மற்றச் செடிக்குத் தொற்றும்.

பறித்த இலை

காலையில், பனி காய்ந்த பிறகு பறிக்கும் இலைக்கு மணம் அதிகம். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் கறுத்துவிடும். கொத்தாக வெட்டிக் கிளாஸ் தண்ணீரில் நிறுத்திக் குசினி மேசையில் வைத்தால் நாலைந்து நாள் நிற்கும். கறியில் அடுப்பை அணைத்த பிறகே போடுங்கள். இரண்டு கைப்பிடி இலை, ஒரு கைப்பிடி கஜு, ஒரு பல்லு உள்ளி, உப்பு, தேசிக்காய்ப்புளி, கொஞ்சம் எண்ணெய் விட்டு அம்மியில் அரைத்துப் பாருங்கள். பாணுக்கும் பொரித்த மீனுக்கும் அதைவிடத் தொட்டுக்கொள்ள நல்லது எனக்குத் தெரியவில்லை.

மழைக்கு முன்

புரட்டாதி கடைசியில், மழை இறங்குமுன், நல்ல செடியிலிருந்து பூக்காத நுனித் தண்டு நாலைந்தை ஒரு விரல் நீளத்துக்கு வெட்டுங்கள். கீழ் இலைகளை எடுத்துவிட்டுப் போத்தல் தண்ணீரில் நிறுத்தி, இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். ஒன்று முதல் இரண்டு கிழமையில் வேர் விடும். அவற்றைச் சின்னச் சட்டியில் நட்டுக் கூரைத் தாழ்வாரத்துக்குள், வெளிச்சம் வரும் பக்கம் வைத்தால் மாரியைத் தாண்டும். வெளியே உள்ள பெரிய செடிகள் போனாலும் தையில் கையில் செடி இருக்கும்.

விதைக்கென்று இரண்டு செடியை ஆடியிலேயே ஒதுக்கி, கிள்ளாமல் பூக்க விடுங்கள். தேனீ வந்து மொய்க்கும், பக்கத்துப் பாகலும் பூசணியும் சேர்ந்து காய்க்கும். சுவீட் பேசிலும் கசகசாச் செடியும் பக்கத்தில் பூத்தால் கலப்பு விழும். ஒரு வருடத்துக்கு ஒரு வகையிலிருந்து மட்டும் விதை எடுப்பது சுகம். கதிர் முழுக்கப் பழுப்பாகிக் காய்ந்ததும் வெட்டி, கடதாசிப் பையில் தலைகீழாகக் கட்டி ஒரு கிழமை நிழலில் தொங்கவிடுங்கள். பிறகு உள்ளங்கையில் கசக்கினால் ஒவ்வொரு பூக்கிண்ணத்திலிருந்தும் நாலு கறுப்பு விதை உதிரும். சுளகில் மெல்லப் புடைத்துச் சொங்கை நீக்கி, ஒரு நாள் நிழலில் உலர்த்தி, இறுக்கமான மூடியுள்ள காய்ந்த போத்தலில் போட்டு, வகையையும் மாதத்தையும் எழுதி ஒட்டிக் குளிர்ந்த அலுமாரியில் வையுங்கள். செடியிலிருந்து விதை எடுக்கும் வேலையை ஐப்பசிக்கு முன் முடித்துவிட வேண்டும். கதிரில் மழை பட்டால் விதை செடியிலேயே ஊறிக் கெட்டுவிடும்.